மேலிருந்து பார்த்தால் புளியமரம்

பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்த உட்கார்வில் சென்னியப்பனுக்கு இடது கால் மரத்துப்போயிருந்தது. அசைத்தால் எறும்பு ஊறும், அசைக்காவிட்டால் ஒன்றும் இல்லை, அதனால் அப்படியே விட்டிருந்தார். மேடையில் யாரோ ஒருவர் தென்னையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தென்னை என்கிற சொல் மட்டும் காதில் விழுந்தது, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் பஞ்சு மூட்டைக்குள் போட்ட மாதிரி அடங்கிப்போனது. தாலுகா ஊரிலேயே பெரிய கல்யாண மண்டபம். மேடையின் பின்சுவரில் போன முகூர்த்தத்துக்கு தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய பெண் மாப்பிள்ளை பெயர்களை இன்னும் எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு முதல் எழுத்து விழுந்துவிட்டது, கோகுல் வெறும் குல் ஆகி நின்றான், அந்தக் குல்லுக்கு நேர் கீழே கோட்டாட்சியர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயது. சட்டையில் மடிப்பு கலையவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகத் தலையாட்டினார். இப்படித் தலையாட்டுவதற்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார் சென்னியப்பன், நினைத்ததில் வழக்கமாக வருகிற சூடு வரவில்லை. உயர் அழுத்த மின்பாதை அமைப்பது குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று வாசலில் பேனர். பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் திரை, திரையில் வானத்திலிருந்து எடுத்த படம், படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. கோடு வடக்கு மூலையில் தொடங்கி வாய்க்காலைத் தாண்டி, சென்னியப்பனின் ஊரான கல்லாங்காட்டுப்புதூரின் காடு கரைகளின் மேல் ஏறி, தெற்கு மூலையில் திரையை விட்டே வெளியே போனது. மின் நிறுவனத்துப் பொறியாளர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு காலையிலேயே சொல்லிவிட்டார்: "இந்தப் பாதையில் குடியிருப்பு எதுவும் இல்லீங்க. எல்லாம் வெறும் பூமிதான். ஏதாவது விட்டுப்போயிருந்தா இன்னைக்கு இங்கயே சொல்லிடுங்க, கோட்டைத் தள்ளிப்போட முடியுமான்னு பார்க்கலாம். இன்னைக்குச் சொல்லாதது அப்புறம் செல்லாது."

கோட்டின் நடுவில் ஒரு பச்சை உருண்டை இருந்தது. யார் பார்த்தாலும் மரம் என்றுதான் சொல்வார்கள், மரம்தான் அது, பாவாத்தாளின் வீட்டுப் புளியமரம். அந்த மரத்துக்கு அடியில் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்று மேட்டில் மாட்டுக் கொட்டகை, எல்லாவற்றையும் கோழி குஞ்சுகளை மூடிக்கொள்கிற மாதிரி மரம் மூடிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் அந்த வாசலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. அந்த நிழலே இப்போது எமனாகிவிட்டது. பாவாத்தாள் சென்னியப்பனுக்கு ஒரே தங்கை, புருஷன் போன பிறகு கறவை மாடுகளையும் அந்தக் கிணற்றையும் வைத்துக்கொண்டு ஒண்டியாக இருக்கிறவள். கோடு அவள் கூரைக்கு மேல் போனால் அங்கே குடியிருக்க விடமாட்டார்கள், மரத்தை முதல் நாளே வெட்டிவிடுவார்கள், டவரின் ஒரு கால் கிணற்றுக்குள்தான் இறங்கும். காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: "ஏனுங்ணா, நீங்க ஊரைப் பத்தி ஒலகத்தைப் பத்தியெல்லாம் பேசுங்க, நான் வேண்டாங்கல. அதுக்கு முன்னால புளியமரத்துக்கு அடியில ஒரு ஊடு இருக்குது, ஊட்டுக்குப் பொறவால கெணறு இருக்குதுன்னு ஒருக்கா சொல்லிப்போடுங்க. எனக்கு அது போதுமுங்க." "சொல்றேன் அம்மணி." "மறந்துருவீங்க." "யாரு, நானா?" "உங்களுக்குப் பேச ஆரம்பிச்சா ஊடு வாசல் எங்க ஞாபகம் இருக்குது? என்ற கல்யாணத்தன்னைக்கே மைக்கைப் புடிச்சு முகூர்த்த நேரத்தைத் தாண்ட வச்சவருதான நீங்க. ஐயரு கெஞ்சறாரு, நீங்க உர விலையைப் பத்திப் பேசிட்டிருக்கறீங்க." முன்சீட்டில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சென்னியப்பனும் சிரித்தார். மண்டப வாசலில் பேசுகிறவர்கள் பெயரைக் கொடுக்கச் சொல்லி ஒரு எழுத்தர் மேஜை போட்டிருந்தபோது பாவாத்தாள் அந்த மேஜைப் பக்கம் போனாள், அவர்தான் தடுத்தார். "இவங்களுக்கும் சேத்தி நானே பேசறனுங்க. குடும்பத்துக்கு ஒரு பேரு போதும்." அவள் ஒரு கணம் அண்ணன் முகத்தைப் பார்த்தாள், பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததிலிருந்து மேடையைப் பார்க்கவில்லை, திரையில் இருந்த அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயரை முதலில் போடுவதாகத்தான் முத்துரத்தினம் சொன்னான். விவசாயிகள் சங்கத்துக்கு இப்போது அவன்தான் செயலாளர், சட்டைப்பையில் ரெண்டு செல்போன் வைத்திருக்கிறவன், சென்னியப்பனை எங்கே கண்டாலும் எழுந்து நிற்கிறவன். "ஐயா, உங்க பேரை மொதல்ல போட்டுர்றனுங்க. சாப்பாட்டு நேரம் வந்தா ஆபீசருங்க எந்திரிச்சுருவாங்க." முதலிலா? கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, அது ஒன்றுதான் இன்றைக்கு உறைத்தது. முதலில் பேசுகிறவன் யார்? கூட்டம் சேருகிற வரைக்கும் ஒப்பேற்ற மேடையில் ஏற்றிவிடுகிற பொடியன். சென்னியப்பன் அப்படி எத்தனை வருஷம் பேசியிருப்பார், சந்தைப்பேட்டையில், ரேஷன் கடை முக்கில், நாய் படுத்திருக்கிற தேர்முட்டியில், எதிரே விரித்த சாக்கில் ஆளே இல்லாமல், சவுண்டு சர்வீஸ்காரன் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தத்துக்கு நடுவில். அப்புறம் மூன்றாவதாகப் பேசினார். அப்புறம் தலைவருக்கு முன்னால். தலைவர் போய்ச் சேர்ந்த வருஷம் மாநாட்டில் முதல் தடவையாக அவரைக் கடைசியில் அழைத்தார்கள், அவர் எழுந்தபோது டீக்கடையில் நின்றவர்கள்கூட கிளாஸை வைத்துவிட்டு வந்தார்கள். அந்த இடத்தைச் சும்மா யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. அடி வாங்கி, உள்ளே போய், வெளியே வந்து, சம்பாதித்த இடம் அது. கடைசியில் பேசுகிறவன் வாயில்தான் கூட்டத்தின் முடிவு இருக்கிறது. "கடைசியில போடு" என்றார். முத்துரத்தினம் தலையைச் சொறிந்தான். "ஐயா, இது நம்மளுது மாதிரி பொதுக்கூட்டம் இல்லீங்க." "எந்தக் கூட்டமா இருந்தா என்னப்பா? நடுவுல பேசறவனுக்குத் தலையாட்டிட்டு விட்டுருவான். கடைசியில பேசறவனுக்குத்தான் பதில் சொல்லியாகணும். போடு கடைசியில." "சரிங்க" என்றான் முத்துரத்தினம். பந்தியில் வயசானவர்கள் இன்னொரு தரம் பாயசம் கேட்டால் ஒரு சரிங்க சொல்வார்களே, அந்தச் சரிங்க. அதையும் சென்னியப்பன் கவனித்தார், கவனித்து எங்கேயோ போட்டுவிட்டார்.

தென்னைக்காரர் இறங்கி வாழைக்காரர் ஏறினார். வாழைக்காரர் போன மாதம் அடித்த காற்றைப் பற்றிப் பேசினார், காற்றுக்கு நிவாரணம் வரவில்லை என்றார், கோட்டாட்சியர் தலையாட்டினார். பக்கத்து நாற்காலியில் கோழிப்பண்ணை ராமலிங்கம், சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், குனிந்து காதோடு கேட்டான்: "மாமா, எனக்கொரு சந்தேகம். அந்தக் காலத்துல கரண்டு வேணும்னு ரோட்டுல படுத்தீங்க. இப்ப கரண்டுக் கம்பி வேண்டாம்னு படுக்கறீங்க. நெசத்தைச் சொல்லுங்க, படுக்கறதுக்கு உங்களுக்குக் கரண்டு ஒரு சாக்குதானுங்களே?" முன்வரிசையில் ரெண்டு பேர் தோள் குலுங்கச் சிரித்தார்கள். முன்னெல்லாம் இப்படிக் கேட்டவனைச் சென்னியப்பன் அதே இடத்தில் நிறுத்திவைத்து, உற்பத்தி யாருக்கு, விநியோகம் யாருக்கு, இந்தக் கம்பியில் போகிற கரண்டில் உன் கோழிக்கு எத்தனை, எந்த ஆலைக்கு எத்தனை என்று கேட்டுக் கிழித்திருப்பார். இப்போது "ஆமாப்பா" என்றார். ராமலிங்கத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சும்மா தமாசுக்குங்க மாமா" என்றான். "தெரியுமப்பா." தெரியும். கரண்டுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் ரோட்டில் குறுக்கே நிறுத்திய வருஷம் அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு வண்டியை மட்டும் விட்டுவிட்டு வந்தார்கள், தள்ளிக்கொண்டு போக முடியாதபடி கடையாணியைப் பிடுங்கி ஆளுக்கொன்றாக மடியில் கட்டிக்கொண்டார்கள். லத்தி முதுகில் விழுந்தபோது மடியிலிருந்த கடையாணி இடுப்பில் குத்தியது, லத்தியை விட அதுதான் வலித்தது. ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு சிறையில்தான் மறுபடி தொடங்கியது. பக்கத்து அறையிலிருந்த தறிச் சங்கத்துத் தோழர் ஒருவர் துண்டுப் பிரசுரங்களைச் சோற்றுத் தட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். சாணித்தாளில் மை பரவிய எழுத்து, மண்ணெண்ணெய் வாடை. ஏகாதிபத்தியம் என்கிற சொல்லை முதல் தடவை படித்தபோது ஊர்க்கோயிலுக்குள் போகிற மாதிரி இருந்தது, அவ்வளவு நீளம், அவ்வளவு தூண்கள். பிறகு அவரே எழுதினார். எழுதியதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விநியோகித்தார். புத்தகம் படித்தவர்கள் எல்லாம் இன்றைக்கு ஒப்பந்தக்காரர்களாகவும் கவுன்சிலர்களாகவும் ஆகிவிட்டார்கள், ஒருவன் இதே மின் நிறுவனத்துக்கு ஜல்லி அடிக்கிறான், பிரசுரம் படித்தவன் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இதை நினைத்தால் நெஞ்சில் புளித்த ஏப்பம் மாதிரி ஒன்று வரும். இன்றைக்கு அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தார். பேச்சு மனசுக்குள் தயாராக இருந்தது, வழக்கமான பேச்சு: கட்டண உயர்வுப் போராட்டம், அதில் விழுந்த பிணங்கள், அரசுக்கும் பெருமுதலாளிக்கும் உள்ள உறவு, கேபிளை நெடுஞ்சாலை ஓரமாகப் பூமிக்கடியில் கொண்டுபோக முடியும் என்பதற்கு ஆதாரம், முடிவில் அறைகூவல். அதில் பாவாத்தாளின் வீட்டை எங்கே வைப்பது? அங்கே ஒரு வீடு இருக்கிறது. முதலில் வைத்தால் சொந்தக்காரிக்காகப் பேச வந்தவன் என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடுவார்கள். கட்டணப் போராட்டத்துக்கும் பெருமுதலாளிக்கும் நடுவில் வைத்தால் ஓட்டு வீடு காணாமல் போய்விடும், பெரிய லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சைக்கிள் மாதிரி. கடைசியில் வைத்தால் அறைகூவலுக்குப் பிறகு வீட்டைச் சொல்ல முடியாது, எழுச்சியோடு முடிகிற இடத்தில் மாட்டுக் கொட்டகையா? அங்கே ஒரு வீடு இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. ரொம்பச் சின்ன வாக்கியம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சின்னதாக ஒரு வாக்கியத்தை மைக்கில் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. மறுபடியும் முதலில் வைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. எடுத்து நடுவில் வைத்தார். போன மே தினக் கூட்டத்தில் பேச்சின் நடுவில் ஒரு சொல் வராமல் நின்றுவிட்டார். என்ன சொல் என்பதுகூடத் தெரியவில்லை, ஒரு சொல் இருந்த இடம் மட்டும் காலியாகத் தெரிந்தது, பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே நின்றார். கூட்டம் அவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்துக் கைதட்டியது. அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கண்ணில் ஒன்றும் இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற மகனிடம் சொன்னால் அவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான், கூட்டிப்போய், இனிமே கூட்டம் கீட்டம் வேண்டாம்பா என்பான். அங்கே ஒரு வீடு இருக்கிறது. பக்கத்துத் தாலுகாவில் ஏற்கெனவே இழுத்துவிட்ட கம்பிக்கு அடியில் போன ஐப்பசியில் எல்லோருமாகப் போய் நின்றார்கள், கையில் ஆளுக்கொரு டியூப்லைட், ஒயர் கிடையாது, ஒன்றும் கிடையாது, தூக்கிப் பிடித்ததும் அது தானாக எரிந்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். அடிக்கடி காட்டுகிற வேடிக்கைதான், ஆனாலும் கையில் பிடித்த வெளிச்சம் ஒரு மாதிரி, சாவு வீட்டு வெளுப்பு, கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. மேலே கம்பி ஒரு சுருதியில் முனகிக்கொண்டே இருந்தது. அந்த முனகலுக்கு அடியில் பாவாத்தாள் பாயை விரித்துப் படுப்பதை அன்றைக்கே நினைத்துப் பார்த்தார். மாடுகள் காதை ஆட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தார். பால் கறக்கிற செம்பைத் தொட்டால் சுரீர் என்னுமா? பிறகு அவள் எங்கே படுப்பாள்? அங்கே படுக்கவே விடமாட்டார்களே. கம்பி வந்தால் அவள் அங்கே இல்லை. பிறகு எங்கே? அவர் வீட்டிலா? அவர் வீட்டில் இருப்பது ஒரு அறை, அறை நிறைய பழைய பிரசுரக் கட்டு, கரையான். இந்த இடம் வந்ததும் நினைப்பு நின்றுவிட்டது, பயமாகக்கூட இல்லை, கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் வருமென்று காத்திருக்கிற மாதிரி இருந்தது, சத்தம் வரவில்லை.

சாம்பார் வாசனை வந்தது. மண்டபத்தின் பின்கட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள், அந்தச் செலவு மின் நிறுவனத்துடையது. எதிராளி வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லை என்று சென்னியப்பனுக்கு ஒரு விரதம் உண்டு. வாசனை பிடிப்பதற்கு விரதம் கிடையாது. முருங்கைக்காய் போட்டிருக்கிறார்கள். வாசனை வந்ததிலிருந்து நாற்காலிகள் லேசாக நகர ஆரம்பித்தன. மேடையில் ஒருவர் சுடுகாட்டுப் பாதையை ஆக்கிரமித்தது யார் என்று சொல்ல, கீழேயிருந்து ஒருவர் எழுந்து "அதை இங்க எதுக்குடா இழுக்கற?" என்று கத்த, போலீஸ்காரர் வந்து இருவரையும் உட்காரவைத்தார். அடுத்து வந்தவர் டவருக்குப் பதிலாக ஊருக்கு பஸ் வேண்டும் என்றார். கோட்டாட்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திருப்பி வைத்தார். தூணோரம் நின்ற முத்துரத்தினம் இவரைப் பார்த்துக் கையால் சைகை காட்டினான், மேடைக்குப் போய்விடலாமா, இப்போதே நுழைத்துவிடட்டுமா என்று. பொறு என்று சென்னியப்பன் கண்ணை மூடித் திறந்தார். இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேரும் பேசிவிடட்டும். பெண்கள் பக்கம் பாவாத்தாள் இப்போது திரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பேசினார். ஒருவர் பேசாமல் மனுவை மட்டும் கொடுத்துவிட்டு இறங்கினார். மூன்றாவது ஆள் கூப்பிட்டபோது இல்லை, சாப்பிடப் போயிருந்தார். கோட்டாட்சியர் எழுத்தரிடம் குனிந்து என்னவோ சொன்னார், எழுத்தர் மைக்கில் சொன்னார்: "நேரம் ஆயிட்டதால கூட்டத்தை நிறைவு செய்யறோமுங்க." முத்துரத்தினம் பாய்ந்து மேடைப் படியில் ஏறினான். "சார், சார், ஒருத்தர் இருக்கறாருங்க. எங்க சங்கத்து மூத்த ஐயா. காலையில இருந்து காத்துட்டிருக்கறாருங்க." "காலையிலேயே பேசியிருக்கலாமே?" "கடைசியில பேசறதுதானுங்க அவரு வழக்கம்." கோட்டாட்சியர் முதல் தடவையாகத் தலையாட்டாமல் இருந்தார். பிறகு, "சரி, ஒரே ஒரு நிமிஷம்" என்றார்.

எழுந்தபோது கால் இல்லை. ராமலிங்கம் தோளைக் கொடுத்து நடைபாதை வரைக்கும் கொண்டுவந்தான், முத்துரத்தினம் மைக்கை இறக்கிக் கையிலேயே கொடுத்துவிட்டான், மேடை ஏற வேண்டாம் ஐயா, இங்கிருந்தே பேசுங்க. கீழேயிருந்தா? சரி. ஒரு நிமிஷம் என்பது தாராளம், அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே பத்துத் தரம் சொல்லலாம். அங்கே ஒரு வீடு இருக்கிறது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். "பெருமதிப்பிற்குரிய கோட்டாட்சியர் அவர்களே" என்றது வாய். "மின் நிறுவனத்தின் பொறியாளர் அவர்களே, வருவாய்த்துறை, காவல்துறை நண்பர்களே, எனக்கு முன்னால் இங்கே கருத்துரைத்துச் சென்ற தோழர்களே, திரளாகக் கூடியிருக்கின்ற தாய்மார்களே, பெரியோர்களே." குரல் நன்றாகத்தான் இருந்தது, சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது வேறு யாரோ பேசுகிற மாதிரி, பழைய ஒலிநாடாவில் கேட்கிற மாதிரி இருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இவ்வளவு போதும், இனி வீடு. "இந்த மண்ணிலே" என்றது குரல், "ஒரு பைசா கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டதற்காகக் குண்டடி பட்டுச் செத்த உழவர்களின் ரத்தம் காய்வதற்கு முன்னாலே." "ஐயா, நேரா விஷயத்துக்கு வாங்க" என்றார் கோட்டாட்சியர். வருகிறேன். இதோ வருகிறேன். ஆனால் ரத்தம் என்று தொடங்கினால் அதற்குப் பிறகு எது வருமென்று வாய்க்குத் தெரியும், வாய் அவரைக் கேட்கவில்லை, வண்டி மாடு வீட்டுக்கு வழி தெரிந்து தானாகப் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் பாவாத்தாள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவள் உதடு அசைந்தது. ஊடு. ஊடு. அவர் பார்த்தார், பார்த்து, பல்லைக் கடித்துப் பேச்சை நிறுத்தினார். மூச்சை இழுத்தார். திரையில் இருந்த பச்சையை நோக்கிக் கையை நீட்டினார். "அங்கே" என்றார், மண்டபம் அடங்கியது, "அங்கே ஒரு" என்றார், சொல் இருந்த இடம் காலியாக இருந்தது, நாக்கு தடவிப் பார்த்தது, கைக்கு அகப்பட்ட முதல் பெரிய சொல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்தது. "அங்கே ஒரு வரலாறு இருக்கிறது." பின்வரிசையில் பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள். நல்ல வரி. கோட்டாட்சியர் எழுந்தார். "உங்க உணர்வுகளைப் பதிவு செஞ்சுகிட்டோம் ஐயா. எல்லாருக்கும் நன்றி." அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுத்தர் தன் செல்போனை மேடையிலிருந்த இன்னொரு மைக்கில் வைத்து அழுத்தினார், நாட்டுப்பண் தொடங்கிவிட்டது.

நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் இழுபட்ட சத்தம், அப்புறம் சத்தமே இல்லை, பாட்டு மட்டும். எல்லோரும் எழுந்து கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றார்கள். பின்கட்டில் வாளியோடு வந்தவன் வாளியோடு நின்றான். மேடையில் கோட்டாட்சியர் நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றார், பக்கத்தில் பொறியாளர் குச்சியைத் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். சென்னியப்பனும் நின்றார். எத்தனை கூட்டங்களைக் கலைத்திருக்கிறார், எத்தனை அதிகாரிகள் பேசும்போது எழுந்து கத்தியிருக்கிறார், இதில் மட்டும் கத்தியதில்லை, இதில் கத்தினால் நாளைக்குப் பத்திரிகையில் என்ன எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கையிலிருந்த மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது, தன் மூச்சுச் சத்தம் அதில் லேசாகக் கேட்டது, அவர் அதை மார்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டார். முடிந்துவிட்டது. இதற்குப் பிறகு அவர்கள் இறங்கிப் பின்வாசல் வழியாகக் காருக்குப் போய்விடுவார்கள். முடிந்துவிட்டது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், எங்கேயும் உறைக்கவில்லை. அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் ஏதோ அசைந்தது. பாவாத்தாள். நடந்துகொண்டிருந்தாள். நட்டுவைத்த கம்பங்கள் மாதிரி நின்றவர்களுக்கு நடுவில் வழியை விலக்கிக்கொண்டு, செருப்பு தரையில் பட் பட்டென்று அடிக்க, நேராக மேடைப் படிக்குப் போனாள். பள்ளிக்கூடம் போகாதவள், இந்தப் பாட்டுக்கு அசையக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லையோ, தெரிந்தேதான் போனாளோ, அவருக்குத் தெரியவில்லை. படியோரம் நின்ற போலீஸ்காரரின் கண் மட்டும் அவளோடு நகர்ந்தது, சல்யூட்டில் இருந்த கை இறங்கவில்லை. அவள் ஏறிப் போய் மேஜைக்கு இந்தப் பக்கம் கோட்டாட்சியருக்கு நேர் எதிரே நின்றாள். அவர் எங்கேயும் போக முடியாது. தலையாட்டக்கூட முடியாது. அவள் பேச ஆரம்பித்தாள், பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, பால் ஊற்றுகிற இடத்தில் சொசைட்டிக்காரனிடம் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். ஒரு கையைக் குடை மாதிரி விரித்து மேஜைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள். இன்னொரு கையை அந்தக் கைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அதற்குப் பின்னால் மேஜை விரிப்பின் மேல் விரலால் ஒரு வட்டம் போட்டாள், போட்ட வட்டத்தின் நடுவில் ஒரு குத்து வைத்தாள். பொறியாளரின் கழுத்து அசையாமல் இருக்க, கண் திரைக்குப் போய்ப் பச்சை மேல் நின்றது. மறுபடியும் குடை, அடியில் கை, பின்னால் வட்டம். கோட்டாட்சியரின் கண்கள் எதிர்ச்சுவரை விட்டு மெல்ல இறங்கி அவள் கைகளில் வந்து நின்றன. பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.